மாமி அனுப்பிய சரக்குத்தூள்

இஞ்சாருங்கோ,

அடுப்படியைத் திரும்பவும் துடைத்துவிட்டேன். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நீங்கள் வேலையால் வருவதற்குள் எழுதிவிட வேண்டும். முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது.

யாழ்ப்பாணத்திலிருந்து மாமி அனுப்பிய சரக்குத்தூள் வந்துவிட்டது. பிள்ளை பெற்றவளுக்குக் கறி காய்ச்சும் தூள், இரண்டாம் மாதத்திலேயே! "மூண்டாவது பெடியன்தான், அம்மா" என்று டெலிபோனில் சிரித்தீர்களே, என்னை ஒரு சொல் கேட்டீர்களா?

நேற்று லூயி-பிளாங் தெருவில் இருக்கிற மண்டபத்துக்கு ஒரு கூட்டத்துக்குப் போனேன். எங்கள் பகுதியில் தேர்தலில் வென்ற முதல் கறுப்பினப் பெண் பேசினார். பிள்ளை பெறுவதா இல்லையா என்பது பெண்ணின் முடிவு என்று வருடக்கணக்காகச் சண்டை பிடிக்கிறவர். வாசலில் நின்று ஏசியவர்களையும் உள்ளே கூப்பிட்டு இருத்தினார்.

எனக்கு என்ன வந்ததோ, எழும்பி, தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்: "மனுசன் ஓம் எண்டு சொல்லாட்டி?"

"விருப்பமெண்டால் அவருக்குச் சொல்லுங்கோ. அனுமதி கேக்கத் தேவையில்லை" என்றார்.

அதனால் சொல்கிறேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பின்னேரம் வந்துவிடுவேன்.

தூளை எறிந்துவிடாதீர்கள். அன்றைக்கு எனக்கும் உடம்பு நோகும். கறியை நீங்கள் காய்ச்சுங்கோ.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பிள்ளைகளின் தாய்