முப்பத்தாறா, நாற்பதா?

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.
26-8-2009, புதன்கிழமை

அன்பு மகள் சரிதாவுக்கு,

அப்பா தணிகாசலம் எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடலளவில் சௌக்கியமாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை பிரேம்குமாரும் கிரெநோபிளில் அவ்விதமே இருக்கிறீர்கள் என்று உன் பதில் வரும்வரை நம்பிக்கொண்டிருப்பேன். உன்னுடைய 11-ஆம் தேதிக் கடிதம் 20-ஆம் தேதி வியாழக்கிழமை கிடைத்தது. அம்மாவின் ஸ்கேன் முடிவு என்னவாயிற்று என்று கேட்டிருக்கிறாய். தொலைபேசியில் நீ கேட்ட இரண்டு தடவையும் இன்னும் வரவில்லை என்று சொன்னேன். அது உண்மையல்ல. முடிவு 17-ஆம் தேதி திங்கட்கிழமை முற்பகல் பதினொன்றேகாலுக்கே என் கைக்கு வந்துவிட்டது. தொலைபேசி கூடத்தில் இருக்கிறது, உன் அம்மா அதற்கு நான்கடி தள்ளி உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறாள், ஆகையால் எழுதியே சொல்ல வேண்டியதாயிற்று. இதற்கு முன் மூன்று முறை தொடங்கிக் கிழித்துப்போட்டேன். இரண்டு வரி எழுதினால் எழுந்து வாசல்வரை போய்த் திரும்புகிறேன், வந்தால் எழுதிய வரி பிடிக்கவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜூன் 7-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது, அடுத்த வீட்டுத் தையல்நாயகியின் மகளுக்கு நிச்சயமான செய்தியை அம்மா ஒரே பேச்சில் மூன்று முறை சொன்னாள் என்று நீ கலங்கினாய் அல்லவா, அதிலிருந்துதானே எல்லாம் ஆரம்பமாயிற்று. மாப்பிள்ளை சொன்னபடியே ஆகஸ்டு 4-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, கதிர்காமம் போகும் வழியில், மறதி நோய் ஆய்வு நடத்தும் அந்த ஸ்கேன் மையத்திற்கு ஒன்பதரை மணிக்கே போய்ச் சேர்ந்தோம். ஆயிரக்கணக்கான மனிதர்களின் மூளைப் படங்களையும் அவரவர் வயதையும் கம்ப்யூட்டருக்குக் காட்டி, பிற்பாடு யாருக்கு மறதி நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்றும் சொல்லிவிட்டால், அது தானாகவே அடையாளம் கற்றுக்கொண்டு, புதிதாக ஒருவரின் படத்தைக் கண்டதும் வருமுன் சொல்லும் என்று மாப்பிள்ளை விளக்கியிருந்தார். செயற்கை அறிவு என்று அதற்குப் பெயராம். படம் எடுக்கும் குழாய்க்குள் இருபத்தைந்து நிமிடம் படுத்துவிட்டு வெளியே வந்த உன் அம்மா, "உள்ள உரல்ல போட்டு இடிக்கிறானுங்க. உங்களையும் ஒருவாட்டி உள்ள தள்ளணும், உங்க மூளையப் படம் புடிச்சா வெறும் காலண்டர்தான் இருக்கும்" என்றாள். அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன்பின் ஞாபக சோதனை. இஃப்ஃபத் என்ற பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், நம் ஊர்ப் பெண்தான், கேள்விகள் கேட்டாள். துணைக்கு வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்றாள். அம்மாவுக்கு இடது காது மந்தம், நான் இல்லாவிட்டால் கேள்வி புரியாது என்று வற்புறுத்தி நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். மாம்பழம், சாவி, படகு என்று மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். அம்மா இரண்டைச் சொல்லி நிறுத்தினாள். படகு என்று என் வாய் முந்திக்கொண்டது. "ஐயா, டெஸ்ட் உங்களுக்கு இல்ல" என்றாள் அந்தப் பெண், சிரித்தபடிதான். பிறகு, "ஆயா, நீங்க பொறந்தது எந்த வருஷம்?" என்று கேட்டாள். உன் அம்மா சற்றும் யோசிக்காமல், "முப்பத்தாறு" என்றாள். அந்தப் பெண் தன் படிவத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். படிவத்தில் 3-9-1940 என்று நிரப்பியது நான். ஆதாரமாகப் பிறப்புப் பத்திரத்தின் நகலையும் நான்தான் இணைத்திருந்தேன். "நாற்பது. அவளுக்குத் தடுமாறுகிறது" என்று சொன்னேன். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் தாளில் ஒரு சுழியம் போட்டாள்.

17-ஆம் தேதி நான் மட்டும் போனேன். டாக்டர் ஹரிகிருஷ்ணன் பொறுமையாகத்தான் விளக்கினார். மூளையில் ஞாபகத்திற்குரிய பகுதி வயதுக்கு மீறிச் சுருங்கியிருப்பதாகக் கம்ப்யூட்டர் கணிக்கிறது, இது அறுபத்தெட்டு வயது மூளையாக இல்லை, எழுபத்து மூன்றை ஒத்திருக்கிறது, சோதனையிலும் தம் பிறந்த ஆண்டையே தவறாகச் சொல்லியிருக்கிறார், எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஐந்து ஆண்டுக்குள் நோய் வர நூற்றுக்கு அறுபத்து நான்கு வாய்ப்பு என்றார். எனக்குக் காது அடைத்துப்போயிற்று. நோயை எண்ணி மட்டுமல்ல, மகளே. எழுபத்து மூன்று என்று அந்த இயந்திரம் சொன்ன எண்ணைக் கேட்டுத்தான்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அம்மா பிறந்தது 1936-ஆம் ஆண்டு செப்டம்பர் 3. என்னைவிட ஒன்றரை ஆண்டு மூத்தவள். அவளுடைய தாய்வழி ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் பகுதியில் இருந்தது. பிரசவம் அங்கே நடந்ததால் நம் புதுச்சேரிப் பதிவேட்டில் பெயர் ஏறவில்லை, அங்கேயும் யாரும் பதியவில்லை. எங்கள் கல்யாணப் பேச்சு வந்தபோது, பெண் மூத்தவள் என்று தெரிந்திருந்தால் என் தாயார் பந்தலுக்கே வந்திருக்க மாட்டார். அக்காலத்தில் பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு நீதிமன்றம் இரண்டு சாட்சிகளைக் கேட்டுத் தேதி நிர்ணயித்துக் கொடுக்கும். பிரெஞ்சில் அதை ழுஜ்மான் சுப்ளெத்திஃப் என்போம். அம்மாவின் தாய்மாமன் சாமிக்கண்ணுவும் அவருடைய சிநேகிதர் ஒருவரும் 1940 என்று சாட்சி சொன்னார்கள். 11-4-1962 புதன்கிழமை தீர்ப்பு வந்தது. நான் அப்போது பிறப்பு, இறப்பு, திருமணம் பதியும் எத்தா சிவில் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. அந்தத் தீர்ப்பைப் பதிவேட்டில் ஏற்றியது நான். என் கையெழுத்தில்தான் இன்றும் அந்தப் பக்கம் இருக்கிறது. அதற்கு நாற்பத்தொன்பதாம் நாள் எங்கள் திருமணம். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, கடவுச்சீட்டு எல்லாம் அந்த ஒரு பக்கத்திலிருந்து வந்தவைதான். ஒரு நாள் பிசகினாலும் ஊரார் பத்திரங்களைத் திருப்பி அனுப்பியவன் நான் என்று நீ சிறு வயதில் கேலி செய்வாய். இதைப் படித்தபின் என்ன நினைப்பாயோ, நினைத்துக்கொள்.

இப்போது என் நிலையைப் பார். அவள் சரியாகத்தான் சொன்னாள். நான்தான் அதைத் தவறாக்கிச் சுழியம் வாங்கிக் கொடுத்தேன். நான்கு ஆண்டைக் குறைத்து எழுதிக்கொடுத்துவிட்டு மூளை சுருங்கிவிட்டதே என்று பயப்படுகிறேன். இதோடு விஷயம் முடிந்திருந்தால் அன்றே உனக்குத் தொலைபேசி செய்து சிரித்திருப்பேன். முடியவில்லை. நாற்பத்தேழு ஆண்டுகளில் அவள் ஒருமுறைகூட அந்த எண்ணை வெளியே விட்டதில்லை. என் தாயார் தோண்டித் தோண்டிக் கேட்டபோதும், உன்னைப் பெற்ற பிரசவத்தில் நினைவு தப்பியபோதும் விடவில்லை. இப்போது, முன்பின் அறியாத ஒரு பெண் கேட்டவுடன் எப்படி வந்தது? உண்மை ஞாபகத்தில் இருக்கிறது என்பது சரி. அதை மறைக்க வேண்டும் என்பது மறந்துவிட்டதா? பிறகு வந்தது முதலில் போகும் என்று டாக்டர் வேறு சொல்லிவைத்தார்.

அவளிடமே கேட்டுவிடுவது என்று 22-ஆம் தேதி சனிக்கிழமை பிற்பகல் கேட்டேன். அன்றைக்கு என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா என்றேன். "ஏன் இல்லாம? முப்பத்தாறுன்னேன். நீங்க நாப்பதுன்னீங்க. அந்தப் பொண்ணு எனக்கு முட்டை போட்டுச்சு, நான் பாத்துக்கினுதான இருந்தேன்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். நறுக்கிய காயைத் தண்ணீரில் போட்டாள். பிறகு, "தெரியலங்க. வாயில வந்துடுச்சு" என்றாள். உயிர் மறுபடி போயிற்று. நான் முகம் மாறியதைக் கண்டு, "இன்னா இப்போ, பொண்டாட்டி பெரியவன்னு அந்தப் பொண்ணு உங்கள பெஞ்சு மேல ஏத்திட்டாளா? உங்கம்மா கூட போய்ச் சேந்துட்டாங்க, இன்னும் யாருக்குப் பயப்படறீங்க?" என்று கேட்டாள்.

24-ஆம் தேதி திங்கட்கிழமை மறுபடி மையத்திற்குப் போய் இஃப்ஃபத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; "ஆயா உங்களவிட பெரியவங்களா? அதான் அவ்ளோ பொறுமை" என்றாள். ஆனால் ஆய்வுப் படிவத்தில் தேதியை மாற்ற ஆதாரம் வேண்டும் என்றாள். என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? இருக்கும் ஒரே ஆதாரம் நானே எழுதிய பொய். முப்பத்தாறு ஆண்டு நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் நான் இதே வார்த்தையைச் சொல்லியிருப்பேன். அவள் இரக்கப்பட்டு, ஆய்வுக்குச் சேர்க்காமல் தனியாக 1936 என்று போட்டு, அந்தச் சுழியத்தையும் திருத்திக் கம்ப்யூட்டரை மறுபடி கணக்கிடச் சொன்னாள். அறுபத்து நான்கு முப்பத்தொன்பதாக இறங்கியது. நான் கைகூப்பிவிட்டேன். "ஐயா, இருங்க. முப்பத்தொம்போதுன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல. வரும்னும் சொல்லல, வராதுன்னும் சொல்லல. ஆறு மாசம் கழிச்சு திரும்ப எடுப்போம், அப்பதான் தெரியும். அப்ப நீங்க ரூமுக்கு வெளியதான் ஒக்காரணும். நீங்க எடுத்துக் குடுத்துக்கினே இருந்தா அவங்களுக்கு எது வருது, எது வரலன்னு யாருக்கும் தெரியாது. மெஷினுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது" என்றாள்.

அந்தப் பேச்சுதான் இரண்டு நாளாக என்னை உட்கார விடவில்லை. யோசித்துப் பார்க்கிறேன், கடையில் அவள் "அந்த..." என்று தொடங்குமுன் நான் கொத்தவரங்காய் என்கிறேன். வாசலில் வந்தவர் பெயரை அவள் தேடுமுன் நான் சொல்லிவிடுகிறேன். நீ தொலைபேசியில் அவளைக் கேட்கும் கேள்விக்கு, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து நான் பதில் கூவுகிறேன். இது எப்போதிலிருந்து என்று தேதி சொல்ல எனக்கே தெரியவில்லை. அவளுக்கு மறதி இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று இந்த வீட்டில் அறியக்கூடிய ஒரே ஆள் நான். அந்த நானே அதை மூடிக்கொண்டு வந்திருக்கிறேன். நேற்று முழுவதும் வாயை அடக்கிப் பார்த்தேன். கீரைக்காரி அஞ்சலாட்சியின் பெயர் வர அவளுக்கு ஏழெட்டு விநாடி ஆயிற்று. ஆனால் வந்தது. அந்த ஏழெட்டு விநாடி நான் பட்ட பாட்டை எழுத முடியாது.

மற்ற செய்திகள். தையல்நாயகி மகளின் திருமணம் செப்டம்பர் 10 வியாழக்கிழமை; உன் பெயரில் மொய் எழுதுகிறேன். பின்கட்டு ஓடு ஒழுகியதை 19-ஆம் தேதி மாற்றியாயிற்று. உன் கடவுச்சீட்டு அடுத்த பிப்ரவரி 16-ஆம் தேதி காலாவதியாகிறது, டிசம்பருக்குள் விண்ணப்பித்துவிடு, கடைசி வாரத்தில் ஓடாதே. குளிர் தொடங்குமுன் மாப்பிள்ளை அந்த முட்டி வலியை ஒரு டாக்டரிடம் காட்டட்டும். ஸ்கேன் கணக்கை அவரிடமும் சொல், என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதையும் சொல், மறைக்க வேண்டாம்.

முக்கியமானது இது. செப்டம்பர் 3 வியாழக்கிழமை பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல நீ நம் நேரம் நான்கு மணிக்கு அழைப்பாய். இக்கடிதம் விரைவுத் தபாலில் அதற்கு முன் கிடைத்துவிடும் என்று நம்புகிறேன். அன்று நான் வீட்டில் இருக்க மாட்டேன். மூன்றரைக்கே கிளம்பி உப்பளத்தில் என் நண்பர் கமருஸ்ஸமான் வீட்டுக்குப் போய் ஐந்தரைக்கு மேல்தான் திரும்புவேன். அவளோடு நீ தனியாகப் பேசு. வயதைக் கேட்டுச் சோதிக்காதே. அவள் தேடும் சொல்லை நீயும் எடுத்துக் கொடுக்காதே, வரும்வரை காத்திரு, தொலைபேசிக் கட்டணம் ஏறினால் ஏறட்டும். அவளாகவே அறுபத்தொன்பது என்றால், எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாள். எழுபத்து மூன்று என்றால், உனக்கு உண்மையைச் சொல்கிறாள். எதுவானாலும் ஆமாம் அம்மா என்று மட்டும் சொல். எந்த எண்ணைச் சொன்னாள் என்று எனக்கு எழுத வேண்டாம். இல்லை, எழுது. அவள் சொன்ன வார்த்தையிலேயே, திருத்தாமல் எழுது.

நீங்கள் இருவரும் நோயின்றி, ஒருவர்க்கொருவர் துணையாக நெடுங்காலம் வாழ அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். அம்மா இன்னும் இதைப் படிக்கவில்லை. உறையை ஒட்டுமுன் அவள் கையில் கொடுத்துவிட்டு நான் தெருமுனைவரை போய்வருவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சி. தணிகாசலம்

உன் அப்பா எழுதினதைப் படிச்சேன் சரிதா. மூணாந்தேதி ஃபோன் பண்ணு, எல்லாத்தையும் நானே சொல்றேன். கமருஸ்ஸமான் அண்ணன் ஊர்ல இல்ல, நம்மகிட்ட சொல்லிட்டு மகள் வீட்டுக்குப் போய் நாலு நாளாச்சு, அடுத்த மாசம் பாதிலதான் வருவார். உங்கப்பா அதை மறந்துட்டார், நான் எடுத்துக் குடுக்கல. — அம்மா