பஸ்ஸுக்காக ஓடவில்லை, அக்கா

கூடத்துப் படத்தில் எந்நேரமும் சிரித்துக்கொண்டிருக்கிற என் ஜெயா அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் திண்டிவனத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். வேறு யாரும் இல்லை, உன் ஓர்ப்படி மல்லிகாதான். வடகம் காய வைக்க மொட்டை மாடிக்குப் போனால் நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவேனே, அதே மல்லிகா.

உன் மகள் தீபா இதைத் தட்டச்சு செய்து நாலு பேர் படிக்கிற இடத்தில் போடப் போகிறாளாம். எங்கம்மாவுக்கு எழுதுவதை நீ மட்டும் வைத்துக்கொண்டால் எப்படி சித்தி என்று கேட்கிறாள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

இந்தக் கோலியனூர் வீட்டுக்கு நீ பெரிய மருமகளாக வந்து ஆறு வருஷம் கழித்து நான் சின்ன மருமகளாக வந்தேன். வரும்போதே குண்டு. நீயும் குண்டு. கல்யாண வீடுகளில் நாம் சேர்ந்து நுழைந்தால், மல்லாட்டை மூட்டை இரண்டும் வந்து இறங்கிவிட்டது என்று யாராவது ஒரு மாமா சொல்லுவார். எனக்குக் கண் கலங்குவதற்குள் நீ முந்திக்கொண்டு சிரித்துவிடுவாய். உன்னைப் பார்த்து நானும் சிரித்துப் பழகினேன். உனக்கு அது வலித்ததா இல்லையா என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

விழுப்புரத்தில் நமக்குச் சர்க்கரை பார்த்த டாக்டரம்மா, இரண்டு பேரும் ஒரே வீடுதானே, காலையில் ஒருத்தரை ஒருத்தர் எழுப்பி நடங்கள் என்றார். அம்மன் கோயில் வரை நான்கு நாள் நடந்தோம். ஐந்தாம் நாள் நான் வரவில்லை. நான் வராததால் நீயும் போகவில்லை. நான் எதையும் பாதியில் விடுகிறவள் என்பது உனக்குத் தெரியும். தையல் வகுப்பை விட்டேன். தபாலில் டிகிரி படிக்கிறேன் என்று பணம் கட்டி முதல் வருஷத்தோடு விட்டேன். அதெல்லாம் என்னோடு போயிற்று. இந்த நடையில் மட்டும் உன்னையும் சேர்த்து நிறுத்திவிட்டேன்.

அடுத்த வருஷம் மாட்டுக் கொட்டகையில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயே, அப்போது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த அம்மன் கோயில் ரோடுதான். ஆஸ்பத்திரி வாசல் வரைகூட நீ தாங்கவில்லை. நாற்பத்தெட்டு வயசு. நடந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன். அப்படியெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அது பதிலா, சமாதானமா?

அதற்குப் பிறகு ஒரு வருஷம் சாப்பிட்டுச் சாப்பிட்டே நாளை ஓட்டினேன். எடை தொண்ணூற்றாறு. உன் வருஷத் திதி அன்று எச்சில் இலை எடுக்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தீபா பார்த்துவிட்டாள்.

"நீயும் போய்டாத சித்தி" என்றாள். மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்தேன்.

நடக்கத்தான் போனேன் அக்கா. ஆனால் அந்த ரோட்டில் மெதுவாக நடந்தால் நீ பக்கத்தில் வருகிற மாதிரியே இருந்தது. நாம் பேசிக்கொண்டு போனதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தாங்க முடியாமல் ஓடினேன். ஒரு கரண்ட் போஸ்ட்டிலிருந்து அடுத்த போஸ்ட் வரை. அதற்குள் உயிர் போய் வந்துவிட்டது. அந்தப் போஸ்ட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவள், திரும்பி வரும்போது இன்னொரு தரம் ஓடிப் பார்த்தேன். அதுவே என் கணக்காகிவிட்டது. ஒரு போஸ்ட் ஓட்டம், இரண்டு போஸ்ட் நடை.

முதல் வாரம் நைட்டியும் அதன்மேல் ஒரு துண்டும்தான் என் உடுப்பு. துண்டைப் பிடிப்பேனா, ஓடுவேனா? பிறகு சுடிதாருக்கு மாறினேன். ஷூ வாங்க விழுப்புரம் போனால், கடைக்காரர் யாருக்கு என்று கேட்டதும் வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டது. அண்ணன் மகளுக்கு என்றேன். அப்புறம் கடையில் வைத்து எப்படிப் போட்டுப் பார்ப்பது? குத்துமதிப்பாக ஒன்று வாங்கி வந்தேன். அது ஒரு சைஸ் சின்னது. கட்டை விரல் நகம் கறுத்து விழுந்ததுதான் மிச்சம்.

இதைவிடப் பெரிய கூத்து டவுன் பஸ்ஸில் நடந்தது. நம் ஊரில் நாற்பது வயசு தாண்டிய பொம்பளை ரோட்டில் ஓடினால் அதற்கு இரண்டே காரணம்தான். வீட்டில் யாருக்கோ உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது, இல்லாவிட்டால் பஸ் போய்விடப் போகிறது. ஐந்தேமுக்கால் டவுன் பஸ் என்னைத் தாண்டிப் போய்ச் சட்டென்று நின்றது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, ஓட வேண்டாம், மெதுவாக வா, நிற்கிறோம் என்று கை காட்டினார். பஸ் முழுக்க எனக்காகக் காத்திருக்கிறது. ஒரு அம்மா நகர்ந்து உட்கார்ந்து இடம்கூட விட்டுவிட்டாள். நான் உங்கள் பஸ்ஸுக்கு வரவில்லை என்று எந்த வாயால் சொல்ல? ஏறிவிட்டேன்.

பொம்பளைகளுக்கு டிக்கெட் இலவசம் என்பதால் அந்த மட்டும் தப்பித்தேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கினேன். இந்த ஒரு ஸ்டாப்புக்கா இப்படி விழுந்தடித்து ஓடி வந்தாய் என்று பூக்கூடைக்காரி ஒருத்தி கேட்டாள். இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்தேன். மறுநாளும் அதே பஸ், அதே கண்டக்டர், அதே கருணை. மறுபடியும் ஏறினேன். மூன்றாம் நாள் ஹாரன் கேட்டதும் புளியமரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அங்கே ஏற்கெனவே ஒரு பெரியவர் செம்போடு உட்கார்ந்திருந்தார். என்னைவிட அவர்தான் அதிகம் பயந்துபோனார்.

நீ இதைக் கேட்டிருந்தால் அடுப்படியில் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்திருப்பாய். சொல்ல ஆள் இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாலாம் நாள் பஸ் நின்றது. நான் ஓட்டத்தை நிறுத்தாமல் கண்டக்டர் பக்கம் வந்து சொன்னேன்.

"அண்ணே, நான் பஸ்ஸுக்கு ஓடல. ஒடம்பு எளைக்கணும்னு ஓடறேன். நீங்க போங்க."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நல்லா ஓடும்மா" என்று சொல்லி விசில் கொடுத்தார். இத்தனை வருஷம் உடம்பைப் பற்றி யார் யாரோ பேசக் கேட்டிருக்கிறேன். என் உடம்பைப் பற்றி நானே சத்தமாகப் பேசியது அன்றுதான். அந்த வாரமே அதே கடைக்குப் போய், ஷூ எனக்குத்தான் என்று சொல்லி, நாலு ஜோடி போட்டுப் பார்த்து வாங்கினேன்.

ஊர் சும்மா இருக்குமா? என் முகத்து வியர்வையைக் கண்ணீர் என்று நினைத்து, சின்னவள் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு விடியற்காலையில் அழுதுகொண்டே ஓடுகிறாள் என்று கதை கட்டிவிட்டார்கள். உன் கொழுந்தன் டீக்கடையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "ஏம்மே, உன்னால ஒரே பேஜாரா கீது. போறவன் வர்றவனெல்லாம் எதுக்குப்பா அடிச்சேன்னு கேக்கறான்" என்றார். அப்படியானால் நீயும் கூட வந்து ஓடு, சரியாகிவிடும் என்றேன். வரவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவரே பால் கறந்து சொசைட்டிக்கு எடுத்துப் போகிறார். அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்தது அப்படித்தான். அவர் வாயால் அதைச் சொல்லமாட்டார், நான் சொல்லி வைக்கிறேன்.

ஆறு மாசம் ஓடியது. ஒரு போஸ்ட் பத்தாகி, பத்து அம்மன் கோயிலாகி, கோயில் தாண்டிக் கூட்ரோடு வரை போனேன். காலையில் இட்லிக்குப் பதில் கேப்பைக் கூழ். எடை இப்போது எண்பத்தெட்டு. டாக்டரம்மா மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார். இன்னும் குண்டுதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறுகிறேன்.

திண்டிவனம் ஓட்டத்தைப் போனில் பார்த்துப் பேர் கொடுத்தது தீபா. என்னைக் கேட்கவே இல்லை. நான் பிறந்து வளர்ந்த ஊர், தெரிந்த முகம் எதிரில் வருமே என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பாதியில் விட்டுவிட்டால்? இதையும் விட்டால் அதற்குப் பிறகு எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

பொடிசுகளும் காலேஜ் பிள்ளைகளும் விசில் ஊதியதும் பறந்துவிட்டார்கள். நான் என் போக்கில் போனேன். செஞ்சி ரோட்டில் மூன்று கிலோமீட்டர் அட்டையைத் தாண்டியதும் நின்றுவிட்டேன். உன்னிடம் பொய் சொல்லக் கூடாது. நெஞ்சு அடைத்தது, முழங்கால் கடுத்தது. பூட்டியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்தேன். முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. அவ்வளவுதான் மல்லிகா, இதுவும் போச்சு என்று சொல்லிக்கொண்டேன்.

எப்படி எழுந்தேன்? உன் குரல் காதில் கேட்டது என்று எழுதினால் படிப்பவர்களுக்கு நன்றாக இருக்கும். கேட்கவில்லை. வெயில் முகத்தில் அடித்தது, தாகம் எடுத்தது. தண்ணீர் வைத்திருந்த மேஜை கொஞ்சம் முன்னால் இருந்தது. எழுந்து அதுவரை போனேன். இரண்டு டம்ளர் குடித்தேன். குடித்த பிறகு திரும்பி வந்து உட்காரத் தோன்றவில்லை. ஓட ஆரம்பித்தேன். நின்றால் விட்டதாகத்தான் அர்த்தம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். நின்ற இடத்திலிருந்து மறுபடி கிளம்பியது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

நான் வந்து சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மைக் செட்டை அவிழ்த்துவிட்டார்கள். தீபா மட்டும் கோட்டருகில் நின்று, சித்தி வருது, சித்தி வருது என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். கடைசி ஆள் நான்தான். கழுத்தில் மெடல் போட்டார்கள். வெட்கம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவே இல்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது அக்கா. கல்யாணத்தன்றுகூட நான் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

இனி உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்தாம் நாள் காலையில் நீ என் அறைக் கதவை இரண்டு தரம் தட்டினாய். மல்லி, மல்லி என்று மெதுவாகக் கூப்பிட்டாய். நான் தூங்கவில்லை. முழித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். உன் கொலுசுச் சத்தம் திரும்பிப் போகும் வரை அசையவில்லை. இரண்டரை வருஷமாக அந்தக் கதவு என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

திண்டிவனத்திலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் இதைத் தீபாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை, என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"அம்மாவுக்குத் தெரியும் சித்தி. அன்னிக்கு வந்து என் பக்கத்துல படுத்துக்கினு ஒரே சிரிப்பு. 'உங்க சித்தி முழிச்சிக்கினுதான் கீறா, அவ தூங்குனா கொறட்டை கேக்கும். நல்லதாப் போச்சு, எனக்கும் கால் வலி'ன்னு சொல்லிட்டு ஏழு மணி வரைக்கும் தூங்குச்சு."

நிஜமாகவே அப்படிச் சொன்னாயா? இல்லை, என்னைத் தேற்ற உன் மகள் அங்கேயே கட்டிய கதையா? அவள் உன் பெண், இரண்டும் செய்வாள். நான் திரும்பக் கேட்கவில்லை. விழுப்புரம் வரும் வரை இரண்டு பேரும் மாறி மாறிச் சிரித்தோம், அழுதோம். எதிர் சீட்டுக்காரர் எங்களுக்கு என்ன ஆயிற்றோ என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பொங்கல் கழிந்ததும் பொம்மையார்பாளையம் பக்கம் கடலோரமாகப் பத்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று இருக்கிறதாம். இந்தத் தடவை பேர் கொடுத்தது நானே. இதுவரை ஓடியதெல்லாம் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு ஓடிய ஓட்டம். அதைத் திண்டிவனத்தோடு முடித்துக்கொண்டேன். இனி எனக்காக ஓடுவேன். எனக்குப் பிடித்திருக்கிறது அக்கா, அதற்காக ஓடுவேன். நடுவில் நிற்க வேண்டி வந்தால் நிற்பேன், தண்ணீர் குடிப்பேன், மறுபடி கிளம்புவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

ஒரே வீட்டுக்கு வாழ வந்த உன் ஓர்ப்படி,
உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
மல்லிகா