எஞ்சினில் வைத்த கை

இல்லை கண்ணு, எனக்குச் சந்தேகப் புத்தி புதிதாக முளைக்கவில்லை. திங்கட்கிழமை போனில் நீ சிரித்துக்கொண்டேதான் கேட்டாய், ஆனால் காதில் நின்றுவிட்டது. முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நலமா? இருமல் விட்டதா? இங்கே நான் நலம். அப்பாவும் நலம் என்று அப்பா சொல்கிறார். மழை பெய்து ஓய்ந்து, மரவரிசைகளுக்கு நடுவே புல் முட்டி உயரம் நிற்கிறது, ஓடைப் பக்கத்து நிலம் இன்னும் உழாமல் கிடக்கிறது, வாடகை டிராக்டர்காரர் மூன்று முறை வருகிறேன் என்று சொல்லி மூன்று முறையும் வரவில்லை. நாலாவது முறை உண்மையைச் சொன்னார். உங்க ரெண்டரை ஏக்கர்ல என் வண்டி திரும்பறதுக்குள்ள நிலம் முடிஞ்சிடுதுக்கா, என்றார். கோபம் வரவில்லை. அவர் வண்டி நம் சமையலறையைவிடப் பெரியது. அதனால்தான் பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடுவது என்று முடிவானது, சின்ன நிலத்துக்குச் சின்ன வண்டி, அந்த அளவில் அந்தக் காலத்தில்தான் செய்தார்கள். இதில் எனக்கும் அப்பாவுக்கும் சண்டை இல்லை. எந்த வண்டி என்பதில்தான். சண்டை என்றும் சொல்ல முடியாது. அவர் காரணம் சொல்லமாட்டேன் என்கிறார், நான் காரணத்தைத் தேடுகிறேன்.

உன் சித்தப்பா ஒரு வியாபாரியைப் பிடித்துக் கொடுத்தார். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை, பழைய வண்டிகளை வாங்கிச் சரிசெய்து விற்கிறவர், வாயோரம் எப்போதும் ஒரு தீக்குச்சி, அதனால் குச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். அவரிடம் நமக்கு ஏற்ற அளவில் இரண்டு இருந்தன. ஒன்று சாம்பல் நிறம். உயரம் குறைவு, கட்டையான உடம்பு, குறுகத் திரும்பும், பின்னால் மாட்டிய கலப்பையை ஒரு சின்ன கம்பியைத் தொட்டால் தானே தூக்கிக்கொள்ளும், உதிரிபாகம் பஸ் நிலையத்துப் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். இன்னொன்று அதற்கும் பதினைந்து வருடம் மூத்தது. இரண்டே சிலிண்டர், ஓடும்போது யாரோ கதவைத் தட்டுவதுபோல டொக்கு டொக்கு என்று சத்தம், அதனால் அதற்குப் பெயரே டொக்கு. கனம் அதிகம். கலப்பையைக் கையால்தான் தூக்க வேண்டும். உதிரிபாகம் வேண்டுமென்றால் எங்காவது இன்னொரு டொக்கு சாக வேண்டும். சாம்பல் வண்டியின் படத்தை அப்பா எத்தனையோ வருடத்துக்கு முன் பத்திரிகையிலிருந்து வெட்டி நம் கொட்டகைக் கதவின் உட்புறம் ஒட்டினார், நீ அதற்கு மீசை வரைந்து அடி வாங்கப் பார்த்தாய், நினைவிருக்கும். அந்த மனிதர் இப்போது டொக்குதான் வேண்டும் என்கிறார். பழசுல இருக்கற பலம் வேற எதுலயும் வராது, என்கிறார். இரண்டுமே பழசுதானே என்றால் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொள்கிறார்.

போன ஞாயிறு நானும் அப்பாவும் சித்தப்பாவும் போனோம். யாரிடமும் பேசுவதற்கு முன் நேராகப் போய் இரண்டு வண்டியின் எஞ்சின் மேலும் கை வைத்தேன். நீ அங்கே பழைய கார் வாங்கியபோது உனக்கும் இதைத்தான் சொன்னேன். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்று பார்த்தால்தான் அதன் உடம்பு தெரியும், முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் நோயாளியும் ஓடுவான். சாம்பல் குளிர்ந்திருந்தது. டொக்கு சுட்டது. குச்சியைப் பார்த்தேன். அவர் தீக்குச்சியை இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய்க்கு மாற்றி, காலைல வெளிய நகத்தி வெச்சேன்க்கா, என்றார். நகர்த்தினால் இவ்வளவு சுடாது. அண்ணி இருக்கற எடத்துல திருடன்கூட ரசீது குடுத்துட்டுத்தான் போவான், என்றார் சித்தப்பா. குச்சி சிரித்தார். அப்பாவும் சிரித்தார், ஒரு நொடி தாமதமாக. ஆறட்டும் என்றேன். இரண்டு மணி நேரம் பலகையில் உட்கார்ந்திருந்தோம், அவர்கள் உட்கார்ந்தார்கள், நான் எண்ணெய் அளவு பார்த்தேன், மூடியைத் திறந்து எண்ணெயில் தண்ணீர் கலந்து பால் மாதிரி நுரை இருக்கிறதா என்று பார்த்தேன், புதுப் பெயின்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆறிய பிறகும் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. அதுதான் இன்னும் உறுத்தியது. குற்றமில்லாத வண்டியை எதற்குச் சூடாக்க வேண்டும். அப்பா டொக்கில் ஏறி முற்றத்தை ஒரு சுற்று சுற்றினார். சாம்பலில் ஏறவேயில்லை. ஓட்டிப் பாக்க அதுல என்ன இருக்கு, சைக்கிள் மாதிரி, என்றார். அப்போதுதான் குச்சி எனக்கு விளக்கினார், டொக்குக்குக் கிளட்ச் காலில் இல்லையாம், வலது கைப்பக்கம் நீளமாக ஒரு கம்பி, முன்னால் தள்ளினால் போகும், பின்னால் இழுத்தால் நிற்கும், கால் வேலையே இல்லக்கா. அப்பா வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

சித்தப்பாவைத்தான் முதலில் நினைத்தேன். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன், உனக்குத் தெரியாததா. குச்சியும் அவரும் சேர்ந்து விற்காத சரக்கை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று இரண்டு நாள் நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது. பிறகு, எங்கோ பார்க்க வேண்டியதை எங்கோ பார்க்கிறேன் என்று தோன்றியது. மூன்று மாதத்துக்கு முன் அப்பா கார் சாவியை என்னிடம் கொடுத்தார். இனிமே நீயே ஓட்டு, எனக்கு வெயில்ல கண்ணு கூசுது, என்றார். இருபது வருடம் கழித்தாவது என் ஓட்டும் திறமையை ஒருவர் மதித்தார் என்று உனக்குப் பெருமையாக எழுதினேன். மாடிப்படியில் இப்போதெல்லாம் கைப்பிடியை விடுவதில்லை. பஸ்ஸில் எல்லாரும் ஏறிய பிறகு ஏறுகிறார், மரியாதை என்று நினைத்தேன். புதன்கிழமை வாசலைப் பெருக்கும்போது அவர் செருப்பு துடைப்பத்தில் சிக்கித் திரும்பி விழுந்தது. வலது செருப்பு ஒழுங்காகத் தேய்ந்திருக்கிறது. இடதில் நுனி மட்டும், விரல் தெரியும் அளவுக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கால் நுனியைத் தரையில் இழுக்கிறது. காரில் கிளட்ச் இடது காலில், சாம்பலிலும்.

வியாழக்கிழமை தனியாகக் குச்சியிடம் போனேன். வண்டிய யாருக்குச் சூடு பண்ணீங்க, உண்மையச் சொல்லுங்க, என்றேன். தீக்குச்சியை வாயிலிருந்து எடுத்தார், அதை நான் அன்றுதான் பார்த்தேன். சார்தான்க்கா சொன்னாரு. அக்கா வந்ததும் கிளப்பிக் காட்டச் சொல்லுவாங்க, குளுந்திருந்து ரெண்டு தடவ இருமிச்சுன்னா வேண்டாம்னுடுவாங்க, சூடா வையுங்கன்னாரு. வாங்குகிறவரே விற்கிறவனுக்குத் திருட்டுத்தனம் சொல்லிக் கொடுத்ததை நான் எந்த ஊரிலும் கேட்டதில்லை. குச்சி அதோடு நிறுத்தவில்லை. அதுக்கு முந்தின புதன் தனியா வந்தாருக்கா, சாம்பல்ல ஏறி உக்காந்தாரு, ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு, நான் சாவி குடுக்கட்டுமான்னேன், வேணாம்னாரு, எறங்கி வந்து இதுதான்னு டொக்கைக் காட்டினாரு. சாம்பலில் ஏறி உட்கார்ந்து கிளட்சை அழுத்திப் பார்த்தேன். கடினம், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உடம்பின் பாரத்தைப் போட வேண்டியிருந்தது. கீழே போனது. பிறகு டொக்கில் ஏறினேன். கிளட்ச் கையில்தான், ஆனால் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு மிதி. அது என்ன என்றேன். பிரேக்குக்கா, ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனித்தனியா, எடது பக்கம் திரும்பணும்னா எடது காலால ஒரு அழுத்து, வண்டி நின்ன எடத்துலயே சுத்தும். அழுத்தலைன்னா? அகலமா சுத்தும், எடம் இருந்தா பரவாயில்ல. சரிவில் வலதை மட்டும் அழுத்தினால்? வலது பக்கமா இழுக்கும். நம் நிலத்தில் ஒவ்வொரு வரிசை முடிவிலும் இடது பக்கம்தான் திரும்ப வேண்டும். அகலமாகச் சுற்றினால் ஓடை. இவ்வளவு தந்திரமாக யோசித்த மனிதர் இடது பிரேக்கை மறந்துவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாடு முடிந்து அப்பா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். டொக்குல எடது பிரேக்க எந்தக் காலால அழுத்துவீங்க, என்றேன். எந்த பிரேக்கு, என்றார். நடிப்பில்லை. பிறகு புரிந்தது, குழாயை மூடாமலே நின்றார், நான்தான் போய் மூடினேன். முட்டிக்குக் கீழ வேற யாரோட காலோ மாதிரி இருக்கு, என்றார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, டாக்டர் ஓட்டாதன்னுட்டா அப்புறம் நான் என்ன பண்ண, வரப்புல நின்னு பாக்கவா, என்றார். நான் ஓட்டறேன், நீங்க வரப்புல நின்னு கத்துங்க, அது உங்களுக்கு நல்லா வரும், என்றேன். சிரித்தார். இந்த முறை தாமதம் இல்லை. திங்கள் காலை டாக்டர் என்றேன், பாக்கலாம் என்றார். பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம், முப்பது வருடத்தில் நான் கற்ற மொழி. நேற்று மாலை தானாகக் கடைக்குப் போய்ப் புதுச் செருப்பு வாங்கி வந்திருக்கிறார். பழசத் தூக்கிப் போட்டுடு, என்றார், பெரிய மனது செய்து. எவ்வளவு நாளாக இப்படி என்று டாக்டர் கேட்பார், இவர் ரெண்டு வாரமா என்று சொல்வார், அதற்கு இப்போதே வழி செய்கிறார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். அப்பாவுக்குப் புடிச்சத வாங்கிக்கட்டும்மா இந்த ஒரு தடவை, என்று நீ சொன்னாய். பிறந்ததிலிருந்து உன்னைத் தெரியும், காரணமில்லாமல் அப்பா பக்கம் பேசுகிற பிள்ளை இல்லை நீ. அவர் கொட்டகைக்குள் போய் உன்னோடு போனில் பேசுகிறார், நான் வந்தால் பேச்சு மழைக்கு மாறுகிறது. எப்போது சொன்னார் உன்னிடம்? என்ன சொன்னார்? தூரத்தில் இருக்கிறவளிடம் சொல்வது சுலபம், புரிகிறது, நீ அவர் படி இறங்குவதைப் பார்க்கப் போவதில்லை. உன் மேல் கோபம் இல்லை. கோபம் கொஞ்சம் இருக்கிறது. அவருக்குச் செய்த சத்தியம் ஏதாவது இருந்தால் உடைத்துவிடு, பாவம் என் கணக்கில் இருக்கட்டும். பதிலைக் கடிதமாக என் பெயருக்கு எழுது, போன் வேண்டாம், போனை அவர்தான் எடுக்கிறார். இருமல் இன்னும் இருந்தால் நீயும் பாக்கலாம் என்று சொல்லாமல் போய்க் காட்டு. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ. உன் செருப்பையும் ஒருமுறை திருப்பிப் பார். உடம்பில் எதுவும் மறைக்கத் தேவையில்லாமல், நிறைய நாள், நிறைய நடந்து, நன்றாக இரு.

உன் அம்மா

கையெழுத்துப் போட்ட பிறகு குச்சிக்குப் போன் செய்து சாம்பலை எனக்கென்று நிறுத்தி வைக்கச் சொன்னேன். பிறகு குப்பைக் கூடையிலிருந்து பழைய இடது செருப்பை எடுத்து, துடைத்து, காகிதத்தில் சுற்றி, திங்கட்கிழமை கொண்டுபோகும் பையில் அடியில் வைத்தேன். அப்பா உள்ளே வந்து, பழசத் தூக்கிப் போட்டுட்டியா, என்றார். போட்டுவிட்டேன் என்றேன்.