பாதியில் நிறுத்திய பாட்டு

அன்புள்ள அம்மணி புவனாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் எருமையும் அதன் கன்றும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரன் கவினும் அதே மாதிரி இருக்க மாகாளியம்மன் பார்த்துக்கொள்வாள். எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். மண்வெட்டி பிடித்த கைக்குப் பேனாவில் கனமே இல்லை, எவ்வளவு அழுத்துவது என்று தெரியாமல் சில இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. வரியெல்லாம் மேலே ஏறிப் போகிறது. நாலு நாளாக எழுதுகிறேன். எழுபத்தாறு வயதில் என் கையால் நான் எழுதும் முதல் கடிதம் இது, இதற்கு முன்பெல்லாம் கைநாட்டுத்தான். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டால் தெருவே கேட்கிறது. இது நீ மட்டும் படிக்க வேண்டியது.

பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் எங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பு நடக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதன் டீச்சர் சாய்ப்ரியா உன்னைவிடச் சின்னப் பெண். எழுத்தெல்லாம் பழகின பிறகு, மனசுல இருக்கற பாட்டை எழுதுங்க, அப்பத்தான் கை ஓடும் என்று சொல்லிவிட்டது. நான் கிணற்றுக் கவலைப் பாட்டை எழுதினேன். கரண்ட் மோட்டார் வருவதற்கு முன்னால் மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது பாடுவது. மாடு சரிவில் இறங்கினால் கயிற்றில் கட்டிய சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும், ஒரு சாலுக்குப் பாட்டில் எண்ணோடு ஒரு அடி, அதுதான் கணக்கு. நூறாவது அடி காதில் விழுந்ததும் வயலின் கோடியில் நிற்கும் உன் அம்மா மடையை மாற்றி அடுத்த பாத்திக்குத் தண்ணீர் விடுவாள். தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, என் பாட்டில் நாற்பதுக்கு அடுத்து ஐம்பத்தொன்று வருகிறது. நடுவில் பத்து அடியைக் காணோம். டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஏழெட்டு வருஷம் பாத்திக்குப் பத்துச் சால் குறைத்து இறைத்திருக்கிறேன், ஆனால் ஒரு பயிரும் வாடியதில்லை. நான் நூறு என்று முடித்ததும் உன் அம்மா அங்கிருந்து, ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் பாடுங்க, கேக்க நல்லா இருக்குது என்று கத்துவாள். என் குரலுக்காகச் சொல்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் கோயில் நோம்பிக்குப் பாடும் கும்மிப் பாட்டு ஒன்றை எழுதினேன். நன்றாக வந்தது. எல்லோரும் ஏதாவது எழுதினார்கள், பக்கத்து வீட்டுச் சின்னாத்தாள் மட்டும் எழுதவில்லை. அவரும் அதே வகுப்புத்தான், எனக்கு முன் பெஞ்சு. இந்தச் சுற்றுவட்டத்தில் ஒப்பாரிக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது, அதை எழுதச் சொல்லி டீச்சர் கேட்டதற்கு, உசுரோட இருக்கறவங்க கூடற எடத்துல அதைப் பாடப்படாது கண்ணு, வேற எதாச்சும் சொல்லு என்றுவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, சில பேருக்குப் பாதிப் பாட்டே போதுமுங்க என்றார். இரண்டு வருஷத்தில் அவர் என் காதுபடச் சொன்ன முதல் வார்த்தை அது.

ஏன் அப்படிச் சொன்னார் என்று உனக்குத் தெரியும். உன் அம்மா போன அன்று சின்னாத்தாள் உன்னைப் பற்றி நாலு அடி பாடினார். வராத மகளைச் சாவு வீட்டில் குத்திப் பாடுவது வழக்கம்தான். உன் பாஸ்போர்ட் விசாவுக்குப் போய் மாட்டிக்கொண்டதால்தான் நீ வர முடியவில்லை என்பது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. சொந்தபந்தம் எல்லாம் என்னையே பார்த்தது. நான் உள்ளே போய், போதும் நிறுத்துங்க என்று சத்தம் போட்டுவிட்டேன். அவர் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்த நாலு அடியை யாரோ போனில் பிடித்து உனக்கும் அனுப்பிவிட்டார்கள். ஊரே பாடி வெச்சிருக்குது, இனி எந்த மூஞ்சியோட நான் வர்றதுங்கப்பா என்று கேட்டாய். அப்புறம் நீ வரவேயில்லை.

பாதி என்றால் மீதி எங்கே என்று வகுப்பு விட்டதும் நான் அவரிடம் கேட்டேன். நீங்க பாட உட்டீங்களா என்றார். தப்புத்தானுங்க, இப்பச் சொல்லுங்க என்றேன். நல்லா இருக்கற ஊட்டுல அதை வாயில எடுக்க மாட்டேன், அடுத்த எழவு வரட்டும், அது நீங்களா இருந்தா உங்களுக்குத்தான் கேக்காது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, காத்திருந்தேன்.

போன வியாழக்கிழமை பெரியநாயக்கன்பாளையத்தில் நம் தூரத்துச் சொந்தம் வெங்கடபதியின் தாயார் தவறிவிட்டார், தொண்ணூற்று நாலு வயது. ஆண்கள் வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்தோம், காது கேட்க வேண்டும் என்று நான் ஜன்னலை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். சின்னாத்தாள் அந்த அம்மாவுக்கு முறையாகப் பாடிவிட்டுக் கடைசியில் உன் அம்மா பேரைச் சொல்லி ஆரம்பித்தார். ஒரு சாவில் தங்கள் வீட்டுச் சாவுக்கும் சேர்த்துப் பெண்கள் அழுவதுதான், யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. நான் நிறுத்தின நாலு அடியிலிருந்து பாடி, முடித்துவிட்டார். என்னிடம் நோட்டு இல்லை. மறக்கக்கூடாது என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். வீட்டுக்குள் வைத்து எழுதக் கூடாது என்று கிணற்று மேட்டில் உட்கார்ந்து எழுதினேன். அது இதுதான்.

கப்பலேறிப் போன மக
கண்ணெடுத்தும் பாக்கலையே
காடு போற தாயாளுக்குக்
கைத்தண்ணி ஊத்தலையே

ஊத்தாட்டி என்ன தாயே
ஊரு தாண்டி வாழட்டும்
அழுத முகம் உனக்கெதுக்கு
சிரிச்ச முகம் கொண்டுபோ

நீ போனது விமானத்தில், பாட்டில் கப்பல்தான் வரும். சிரித்த முகம் எது என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை, சின்னாத்தாளிடமே கேட்டேன், அது ஏர்போர்ட் கதை என்றார். கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் உன்னை வழியனுப்பின அன்று, தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று உன் அம்மா, ஏனுங்க, கொஞ்சம் வழி உடுங்க, எம்புள்ளயப் பாக்கோணும் என்று அந்தக் கதவிடம் கேட்டாளே. கதவும் திறந்தது, போலீஸ்காரர் உள்ளே விடவில்லை. நீ பெட்டியோடு திரும்பிப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதை அவள் ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள், சின்னாத்தாளிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். அவர் உன்னை ஏசவில்லை அம்மணி. நான்தான் பாடி முடிக்க விடவில்லை. நான் அவரிடம் தப்பை ஒத்துக்கொண்டாயிற்று, உன்னிடமும் ஒத்துக்கொள்கிறேன். இனி வருவதும் வராததும் உன் இஷ்டம்.

கவினுக்குத் தலைக்கு எண்ணெய் வை. குளிரில் மாப்பிள்ளையைக் காதை மூடிக்கொண்டு போகச் சொல். நீயும் பிள்ளையும் குறையில்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். ஒன்று மறக்காதே, அந்த எட்டு அடியை உன் வீட்டுக்குள் வாய்விட்டுப் படிக்காதே, வெளியே எங்காவது மரத்தடிக்குப் போய்ப் படித்துக்கொள். அடுத்த வாரம் கவலைப் பாட்டில் விட்டுப்போன பத்து அடியையும் சேர்த்து எழுதி அனுப்புகிறேன். அதற்குள் டிக்கெட் போட்டுவிட்டால் சொல், தபால் செலவு எதற்கு, இங்கேயே பாடிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு, கைநாட்டு இல்லாமல்,
உன் அப்பா
ஈஸ்வரமூர்த்தி