சக்கை மாவு

ஜூன் 4

அன்புள்ள சின்னவளே,

நலம்தானே? ஓட்டப் பந்தயத்தில் சேர்ந்ததிலிருந்து உன் மகள் பாப்பா கன்னம் ஒட்டிப்போய் நிற்கிறாள் என்று அத்தை சொன்னார்கள். ஒன்றரை வருடமாக நீ என்னோடு பேசுவதில்லை. காகிதம் என்றால், நீ முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்குத் தெரியாது பார். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பீர் ஆலையில் காலை ஆறு மணிக்குத் தொட்டியின் அடிக்கதவைத் திறப்போம். இனிப்பு நீரெல்லாம் வடிந்த பார்லிச் சக்கை ஆவியோடு சரியும். கொட்டகை முழுக்க வெண்மூட்டம். எதிரில் நிற்பவர் கரைந்துபோய், கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி உருவாவார். இத்தனை நாளும் அந்தச் சக்கை மாட்டுக்குத்தான் போனது. இப்போது உலர்த்தி மாவாக அரைக்கிறோம், பொறுப்பு என்னுடையது. நீரோடு போவது இனிப்புதான். புரதமும் நாரும் சக்கையிலேயே தங்கிவிடுகின்றன. ரொட்டி மாவில் நாலில் ஒரு பங்கு கலந்தால் போதும். ஈஸ்ட் சேர்க்கும் முன்பே பிரித்துவிடுவதால் இதில் போதை துளியும் இல்லை.

பாப்பாவுக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

பொட்டலம் வந்தது. பிரிக்கவில்லை. அலமாரி மேல்தட்டில் கிடக்கிறது.

என் வீட்டுக்காரரைக் குடிக்க வைத்தே கொன்ற ஆலை அது. அங்கே மிஞ்சியதை அவர் மகளுக்கு ஊட்டச் சொல்கிறாயா? புரதத்துக்கு முட்டை இருக்கிறது.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

தங்கை


ஜூன் 20

சின்னவளே,

முட்டி பரவாயில்லை. கேட்டாயே, அதுவே போதும்.

அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டது நான் என்பது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. சக்கைக் கொட்டகையிலிருந்து பாட்டில் பகுதிக்கு மாற்றிய மூன்றாம் மாதம், அவர் குடித்துவிட்டுச் சுவரைப் பிடித்து நின்றதைப் பார்த்தேன். "அக்கா, அவகிட்ட சொல்லிடாதீங்க. இதோட விட்டுடறேன்" என்றார். நம்பினேன். அடுத்த மாதமும் பார்த்தேன். வேலை போய்விடுமே என்று, காய்ச்சல் என மேலாளரிடம் பொய் சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன். நீயும் நம்பி நெற்றியில் ஈரத்துணி போட்டாய். அன்றே உன்னிடம் சொல்லியிருந்தால் என்று தினமும் நினைக்கிறேன்.

இதற்குப் பிறகு நீ எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

அக்கா


ஜூலை 9

அக்கா,

உன் கடிதத்தைப் படித்தேன். துணி நனைத்துப் போட்ட கை இது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ.

நேற்று மத்தியானம் பாப்பா நாற்காலி போட்டு ஏறிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். அடிக்கக் கை ஓங்கினேன். அதற்குள் வாசனை வந்துவிட்டது. சாராய நெடிதான் வரும் என்று மூச்சைப் பிடித்திருந்தேன். வந்தது வேறு. கல்யாணமான புதிதில், கொட்டகை வேலை முடிந்து வரும்போது அவர் சட்டையில் வருமே, வறுத்த தானிய வாசனை, அது. வாசலில் செருப்பைக் கழற்றுகிறார் என்று நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன்.

"யாரும்மா வந்தது?" என்றாள் பாப்பா.

"உங்கப்பாடி" என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது.

குடிப்பதற்கு முன்னால் ஒருவர் இருந்தார், அக்கா. அவரையும் சேர்த்தே மறந்திருந்தேன்.

ரொட்டி சுட்டேன். நாக்கில் கொஞ்சம் கரகரப்பு. பாப்பா மூன்று தின்றுவிட்டு, முன்னாலெல்லாம் அப்பா எப்படிச் சிரிப்பார் என்று கேட்டாள். சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, கோடு போட்டு அடித்துவிட்டேன். மாவில் பாதி வாசனைதான் இருக்கிறது. ஈரச் சக்கையை அனுப்பச் சொல்லலாம் என்றால், ஒரே நாளில் புளித்துவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை உண்டா? பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். திட்ட வேண்டியதையெல்லாம் நேரில் திட்டிக்கொள்கிறேன்.

உன் சின்னவள்