நாலு மணிக்கு மேல் யாரும் வருவதில்லை

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடை வீட்டில், நான் லஸ் பஸ் ஸ்டாப்பில். வழக்கம்போல.

புது டாக்டர் விஜிக்கு ஒரு யோசனை. நம் பங்குக் கோயில் கிளினிக்கை நாலு மணிக்கு மூடாமல் எட்டு வரை வைக்கலாமாம். வெட்டுக்காயம், தீக்காயம், சுளுக்கு, கட்டு மாற்றுவது எல்லாம் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாயங்காலம்தான் தோதுப்படும் என்கிறாள். வயசு இருபத்தெட்டு. எல்லாம் தோன்றும்.

ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், இருபத்திரண்டு வருஷமா இங்க இருக்கீங்க. நீங்களே பார்த்து எழுதிக் குடுங்க."

ஒரு வருஷத்து ரிஜிஸ்தரைப் புரட்டினேன். நாலு மணிக்கு மேல் ஒரு பெயர்கூட இல்லை. அப்படியே எழுதினேன்: மாலையில் யாரும் வருவதில்லை, நேரத்தை நீட்டிக்க அவசியமில்லை. கீழே கையெழுத்து, ரெஜினா, ஸ்டாஃப் நர்ஸ். கையெழுத்து அழகு என்று ஃபாதர் வேறு சொன்னார்.

வாங்க: உளுந்து, சீயக்காய், இவருக்கு ஷேவிங் பிளேடு.

நவ. 5, புதன்

மழை விட்டு வெயில். முழங்கால் வலி.

மூன்றரைக்கு டோக்கன் நிறுத்தம். நான் வந்த வருஷம் நானே செய்த ஏற்பாடு. அதற்கப்புறம் கத்தரி, இடுக்கி கழுவி, ஸ்டெரிலைசரில் போட்டு, மேசை துடைத்து, நாலேகாலுக்குக் கிளம்பினால்தான் கே.கே. நகர் பஸ்ஸில் உட்கார இடம்.

நாலு மணி தாண்டி வாசலில் ஒரு பெண் குரல். "கையை அறுத்துகினேன் நைனா. ஒரு கட்டு போட்டு உட சொல்லு."

வாட்ச்மேன் மோசஸ்: "டைம் ஆயிப்போச்சும்மா. காலைல ஒம்போது மணிக்கு வா."

நான் குழாயடியில். குழாயை மூடவில்லை. எட்டிப் பார்க்கவும் இல்லை.

பஸ்ஸில் ஜன்னல் சீட்.

நவ. 10, திங்கள்

முதல் டோக்கன் கன்னியம்மா. ஞாயிறு பூசை முடிந்து நான் வஞ்சிரம் வாங்குவது இவளிடம்தான்; நேற்று இவள் கடை இல்லை. இவள் துண்டு போட்டால் எல்லாம் ஒரே கனம், அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்.

வலது ஆள்காட்டி விரலில் அழுக்குத் துணி. அவிழ்த்தால் மஞ்சள், காப்பித் தூள், வாடை. விரல் நுனி கறுத்துப்போயிருந்தது. சர்க்கரை வேறு இருக்கிறது அவளுக்கு.

"எப்ப அறுத்துக்கிட்ட?"

"பொதங்கெழமம்மா. அருவாமணை வழுக்கிடுச்சு. அன்னிக்கே வந்தேன், டைம் ஆயிப்போச்சுன்னுட்டாங்கோ. காலைல எங்க வர்றது? மூணு மணிக்கே மீனு எடுக்கப் போவணும். வித்து முடிக்கவே நாலாவுது. தானா ஆறிடும்னு உட்டுட்டேன்."

விஜி பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினாள். ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன்.

வாரா வாரம் பேரம் பேசிய குரல் அது. அன்றைக்குக் குழாயடியில் எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று எழுதத்தான் ஆசை.

நவ. 13, வியாழன்

விரலை எடுத்துவிட்டார்கள். இரண்டு கணு. அவள் மருமகள் வந்து சொல்லிவிட்டுப் போனாள். யார் மேலும் குறை சொல்லவில்லை.

மத்தியானம் மோசஸிடம் கேட்டேன். "டோக்கன் முடிஞ்சப்புறம் இந்த மாதிரி யாராவது வர்றாங்களா?"

"தெனம் ரெண்டு பேரு, மூணு பேரு வருவாங்க சிஸ்டர். சித்தாளுங்க, வீட்டு வேலை செய்யறவங்க, ஓட்டல்ல கை சுட்டுக்கினவங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"டோக்கன் முடிஞ்சா யாரையும் உள்ள விடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க."

குத்திக்காட்டவில்லை அவர். டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

உள்ளே விடாதவர்கள் பெயர் ரிஜிஸ்தரில் எப்படி ஏறும்? கதவைச் சாத்தச் சொன்னதும் நான். யாரும் வருவதில்லை என்று எழுதிக் கொடுத்ததும் நான். இது புரிய ஒரு விரல் போக வேண்டியிருந்தது. வெட்கமாக இருக்கிறது.

ராத்திரி, பிரஷர் மாத்திரை போட்டியா என்றார் இவர். போட்டேன் என்றேன். போடவில்லை.

நவ. 14, வெள்ளி

கிளினிக் கமிட்டிக் கூட்டம். ஃபாதர், செயலாளர், விஜி, இன்னும் இரண்டு பேர். சமோசா ஆறிப்போயிருந்தது.

செயலாளர் என் கடிதத்தை வாசித்தார். முடிந்ததும் எழுந்தேன். அது தப்புக் கணக்கு என்றேன். டோக்கன் ஏற்பாடு, வாசலில் திரும்பிப் போனவர்கள், கன்னியம்மா விரல், எல்லாம் சொன்னேன். பஸ்ஸில் உட்கார இடத்துக்காகத்தான் என்பதையும் சொன்னேன்.

செயலாளர் பேனாவை மூடினார். "இதெல்லாம் மினிட்ஸ்ல வேணாம் சிஸ்டர். எட்டு மணி வரைக்கும் நீட்டிடலாம், அவ்வளவுதானே?"

கூட்டக் குறிப்பு டைப் செய்து வந்தது: சிஸ்டர் ரெஜினாவின் வேண்டுகோளை ஏற்று நேரம் நீட்டிக்கப்படுகிறது. இது சரியில்லை என்றேன். "விடுங்க சிஸ்டர், நல்லதுதானே நடந்திருக்கு" என்றார் ஃபாதர். விஜி என் முகத்தைப் பார்க்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன். அதுவும் அழகாகத்தான் விழுந்தது.

டிச. 1, திங்கள்

மேகமூட்டம். முதல் சாயங்காலம். மதியம் பன்னிரண்டிலிருந்து எட்டு வரை ட்யூட்டி நானே கேட்டு வாங்கிக்கொண்டது.

நாலிலிருந்து எட்டுக்குள் பதினொரு பேர். ஆணி மிதித்தவர், எண்ணெய் தெறித்த சமையல்காரர், கோட்டூர்புரத்தில் சாரத்திலிருந்து சறுக்கிய பெண். மோசஸ் கதவை அகலத் திறந்து அதற்கு ஒரு செங்கல்லும் வைத்திருந்தார்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

டிச. 4, வியாழன்

மறுபடி மழை. ஆறரைக்குக் கன்னியம்மா, கட்டு மாற்ற. கையில் பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். நாலு நாளாகக் கடை போடுகிறாளாம்.

"ஈரமே படக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்களே?" என்றேன்.

"மீனு இன்னா காஞ்சா கீது?" சிரிக்கிறாள்.

கட்டு முடித்தேன். காயம் பரவாயில்லை.

எழுந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீதான் அவங்களாண்ட பேசி டைம நீட்டினியாமே. வாட்ச்மேன் சொல்லிச்சு. நீ நல்லா இருக்கணும் சிஸ்டரு."

அன்றைக்கு உள்ளே நான் இருந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வலிக்குதா என்றுதான் வந்தது.

போகும்போது மேசையில் ஒரு பொட்டலம் வைத்தாள். "வஞ்சிரம். நானே வெட்டினேன்."

வீட்டுக்கு வந்து பிரித்தேன். ஏழு துண்டு. ஒன்று கட்டை மாதிரி, ஒன்று ஓரம் கிழிந்து, ஒன்று பாதியில் நின்று மறுபடி வெட்டியது.

மசாலா தடவி வைத்திருக்கிறேன். அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை.