பதினாறு வரை எண்ணிய பிள்ளை

என் அன்பு மருதாயி அக்காவுக்கு,

உனக்கு எழுத்துத் தெரியாது. ஊரிலிருந்து வந்த கடுதாசியையெல்லாம் நான்தான் உனக்கு வாசித்துக் காட்டுவேன். இதையும் வாய்விட்டு வாசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். உன் மகள் சரசு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. நீ கைநாட்டு வைத்துப் போட்ட பிரஜாவுரிமை மனுவுக்குப் பதில் வந்தது, இல்லை என்று. செத்துப்போனவளுக்கு இல்லை என்று சொல்ல ஒரு கடிதம், அதற்கு ஒரு முத்திரை. நம் ஒற்றை அறைக் காம்பராவின் கூரைத் தகரம் இன்னும் ஒழுகுகிறது. உன் தேயிலைக் கொழுந்துக் கூடையை வேறொருத்தி சுமக்கிறாள். நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை, அக்கா. சொல்ல வேண்டியதைத் தள்ளிப் போடுவதில் நான் கெட்டிக்காரன் என்று உனக்குத் தெரியும்.

சரசுவுக்கு இடி என்றால் உயிரே போய்விடும். மச்சான் இறந்து நீங்கள் இரண்டு பேரும் என் காம்பராவுக்கு வந்த நாளிலிருந்து பார்த்தேன். வானம் உறுமினால் அடுப்படி விறகுக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொள்வாள். நீ "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று முணுமுணுத்தபடி அவள் காதைப் பொத்துவாய். "ஏண்டா, இம்புட்டுப் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிற. எம்புள்ள பயத்தப் போக்க ஒரு பாடம் இல்லையா ஒன் புஸ்தகத்துல?" என்று நீதான் கேட்டாய்.

இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகளை நிறுத்தி, எதிர்மலையில் விறகு பிளப்பவனைக் காட்டினேன். கோடாலி விழுவது முதலில் தெரிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. மின்னலும் இடியும் அப்படித்தான், இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை, வெளிச்சம் ஓடி வந்துவிடும், சத்தம் ஆற அமர வரும் என்றேன். மின்னியதும் எண்ணத் தொடங்குங்கள், ஐந்து எண்ணினால் ஒரு மைல். அதுவரை சரி, அக்கா. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகள் முகம் தெளிவதைப் பார்த்த ஆசையில், "பத்துக்கு மேல் போனால் பயமே இல்லை" என்றும் சொல்லிவிட்டேன்.

சரசு அதை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். பள்ளி விட்டதும் உனக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு மலைக்கு வருவாளே, அங்கேயும் எண்ணினாள். கொழுந்தெடுக்கும் பெண்களெல்லாம் "எத்தனடி, சின்ன வாத்தியாரம்மா?" என்று அவளைக் கேலி செய்தார்கள். உனக்கோ பெருமை தாங்கவில்லை. முன்பெல்லாம் முதல் இடிக்கே கூடையைப் போட்டுவிட்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஓடுவீர்கள். வேலை வாங்கும் கங்காணி கத்தினாலும் காதில் வாங்க மாட்டீர்கள். அவரால் அடக்க முடியாத அந்தப் பயத்தை நான் அடக்கிக் கொடுத்தேன்.

அன்றைக்கு நடந்ததைப் பெண்கள் சொல்லித்தான் கேட்டேன். மின்னியதாம். சரசு எண்ணி, "பதினாறு!" என்றாளாம். கங்காணி கை தட்டினாராம். "கேட்டீங்களா? புள்ளையே சொல்லிருச்சு, தூரத்துல இருக்குன்னு. இந்த நெரைச் செடிய முடிச்சுட்டுப் போங்க." நீ சிரித்துக்கொண்டே மறுபடி குனிந்தாயாம். அடுத்த மின்னலுக்கு எண்ண நேரம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு சரசு இடிக்கு ஒளிவதில்லை. நின்ற இடத்திலேயே நின்று எண்ணுகிறாள். இடி வந்த பிறகும் நிறுத்துவதில்லை. நூறு, இருநூறு என்று தொண்டை கட்டும்வரை போகிறாள். ஒருநாள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "நான் வேகமா எண்ணிட்டேன் மாமா," என்றாள். "மெதுவா எண்ணியிருந்தா எட்டுதான் வந்திருக்கும். அம்மா ஓடியிருக்கும்."

அவள் வேகமாக எண்ணவில்லை. எனக்குத் தெரியும். அதே மின்னலைப் பள்ளி வாசலில் நின்று நானும் பார்த்தேன். நானும் எண்ணினேன். பதினாறுதான். பிழை பிள்ளையிடம் இல்லை, பாடத்தில் இருந்தது. எண்ணிக்கை சொல்வது போன மின்னலின் தூரத்தை மட்டும். அடுத்தது எங்கே விழும் என்று அதற்கு எப்படித் தெரியும்? இடி காதில் கேட்டாலே நாம் மின்னலுக்கு எட்டும் தூரத்தில்தான் நிற்கிறோம். இதை அவளிடம் சொன்னால், உன்னை அந்த நெரையில் நிறுத்தியது யாருடைய பேச்சு என்றும் சொல்ல வேண்டும். ஆறு மாதம், அக்கா. எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் அந்தப் பாரத்தை வைத்துவிட்டு, நான் வேட்டி மடிப்புக் கலையாமல் பள்ளிக்கூடம் போய் வந்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

போன வாரம் சொல்லிவிட்டேன். அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப ஏன் மாமா அன்னைக்கே சொல்லல?"



மறுநாள் வகுப்பில், "நான் சொல்லிக்கொடுத்தது தப்பு" என்றேன். இடி கேட்டால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள், மரத்தடிக்குப் போகாதீர்கள், நேரே கட்டடத்துக்குள் போய்விடுங்கள் என்றேன். ஒரு பிள்ளை எழுந்து, "எங்கம்மாவ கங்காணி விடுவாரா சார்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் இடமே இல்லை.

நேற்றுப் பிற்பகல் மின்னி, இடித்தது. நான் மலைக்கு ஓடினேன். சரசு தேத்தண்ணிப் போத்தலோடு நெரையின் முனையில் நின்றுகொண்டிருந்தாள். உதடு அசையவில்லை. கங்காணி அவளைப் பார்த்து, "எத்தனடி?" என்றார். உன்னை மின்னல் அடித்த அதே மலையில் நின்று கேட்கிறார், பார்.

"எண்ணல," என்றாள் சரசு. "இடி கேட்டுச்சு. எல்லாரும் வாங்க."

பெண்கள் கூடைகளை இறக்கினார்கள். கங்காணி கத்தக் கத்த மடுவத்துக்கு நடந்தார்கள். சரசுதான் முன்னால் போனாள், அழுதுகொண்டே போனாள். பயம் அவளை விட்டுப் போகவில்லை, அக்கா. ஆனால் நேற்று அவள் விறகுக்குப் பின்னாலும் போகவில்லை, இருநூறு வரை எண்ணவும் இல்லை. எனக்கு அது போதும்.

கங்காணி முறையிட்டுவிட்டார். நாளைக் காலையில் என்னைத் தோட்டத் துரையின் ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. உன் சாவை அங்கே விசாரித்தபோது நான் வாய் திறக்கவில்லை. எச்சரிக்கை இல்லாமல் விழுந்த மின்னல் என்று எழுதிக்கொண்டார்கள். நாளைக்குச் சொல்வேன். எச்சரிக்கை வந்தது, பிள்ளை சரியாகத்தான் எண்ணினாள், என் பேச்சை நம்பியும் கங்காணி நிறுத்திவைத்ததாலும்தான் நீ நின்றாய் என்று சொல்வேன். வேலை போனால் போகட்டும். சரசுவையும் கூட்டிப் போகிறேன். பெரியவர்கள் முன்னால் நான் அதைச் சொல்வது அவள் காதில் விழ வேண்டும். உன்மேல் சத்தியம்.

வாசலில் குடம் வைக்கிற சத்தம் கேட்கிறது. வந்துவிட்டாள்.

பதினாறு என்று நானும் எண்ணியதை மறைத்த,
உன் தம்பி.